விலை பேசுதல்

கடைத்தெருவில் விலை கூறும் முறை இருவகைத்து. கூறிய விலையினின்று இறங்காமை ஒன்று. அதனைக் கறார் என்பர். அரபு மொழியிற் பிறந்து உருதுவின் வழியே தமிழகம் புகுந்த சொல் அது. மற்றொன்று பேரம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலையிற் புகழ்ந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெறுவதில் மிகுதியும் தருவதிற் குறைவும் அவர்பால் இல்லை என்றார். அத்தகையாரிடம் பேரத்துக்கு இடமேது? இடமுள்ள ஓர் ஊரை யான் சென்ற டிசம்பர் விடுமுறையிற் கண்டேன்.

தந்தையார், அன்னையார், பத்து வயதுத் தங்கை, யான் ஆகிய நால்வரும் மாமல்லபுரம் சென்றோம். ஒற்றைக் கல்லிற் குடைந்த ஐந்து இரதங்களைப் பற்றியும், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலைப் பற்றியும் நூல்கள் பல உள, ஈண்டு விரித்திலேன். அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் பாறையில், முன்னங்கால்களை உயரத் தூக்கித் தவவேடம் பூண்ட பூனையொன்றும், அதனருகே அச்சமின்றி நிற்கும் எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. தங்கை அவ்விடம் விட்டு அகல மறுத்தாள்.

வெளியே வந்ததும் சிப்பி மாலையும் சங்கும் கற்பொம்மையும் ஏந்திய வணிகர் எம்மைச் சூழ்ந்தனர். ஒருவர் கையிலிருந்த கரிய யானை தங்கையின் கண்ணைக் கவர்ந்தது.

"அறுநூறு ரூபாய், ஐயா. சுத்தமான கருங்கல்."

"சென்னையில் இதையே நூற்றைம்பதுக்குப் பார்த்தேனே!" என்றார் தந்தையார். அவர் சென்னையில் கல் யானை எதனையும் பார்த்தவரல்லர்; பள்ளியாசிரியராகிய அவர் அங்ஙனம் கூறியது எனக்கு வியப்பாயிருந்தது. அன்னையார் உரிய சமயத்தில் நடக்கத் தொடங்கினார். பேரத்தில் அந்த நடைக்குச் சொற்களினும் ஆற்றல் மிகுதி.

"முதல் போணி, அம்மா! மறுத்துப் போகாதீர்கள்" என்று வணிகர் பின்தொடர்ந்தார். அப்பொழுது பிற்பகல் மணி மூன்று. யானை 250 ரூபாய்க்கு எங்களதாயிற்று.

விற்போன் கூறும் பொய்யை உலகம் நன்கறியும். வாங்குவோனின் பொய்யையோ நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் குறிக்கின்றது: பண்டத்தை இழித்துரைத்து வாங்கி, அப்பாற் சென்றதும் தன் சாமர்த்தியத்தைப் பெருமையாய்ப் பேசுவானாம். தந்தையாரும் சற்றுத் தூரம் வரை அவ்வாறே பேசி வந்தார்.

உளியோசை கேட்ட ஒரு பட்டறையில் நின்றோம். அங்கிருந்த முதியவர் எங்கள் யானையை வாங்கி, அதன் வயிற்றில் நகத்தாற் கீறினார். வெள்ளைக் கோடு விழுந்தது.

"மாக்கல், தம்பி. மேலே கறுப்புப் பூசியிருக்கிறது. நாங்கள் செய்வதுதான்."

கல்சட்டி செய்வதும் இம்மாக்கல்லிலேயே. மிக மென்மையானது, கருங்கல்லோ உளியின் கூர்மையை மழுக்க வல்லது. தந்தையாருக்குச் சினம் மூண்டது. அதற்குள் தங்கை, "தாத்தா, இதற்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என வினவினாள்.

"ஒன்றுக்கு நூற்றிருபது, பாப்பா. நாளுக்கு இரண்டு முடியும்."

"நாங்கள் அறுநூறு கொடுத்திருந்தால்?" என்றார் தந்தையார்.

"அப்போதும் நூற்றிருபதுதான், ஐயா. கூடுதலாய் விற்றால் என்னிடம் சொல்லமாட்டார்கள். குறைத்து விற்றால் மறு வாரமே வந்து சொல்வார்கள்."

பேரம் பேசினோர் இருவர். இருவர் பொய்யையும் இருவரும் அறிவர். அவ்விடத்தில் இல்லாத மூன்றாமவர் கூலியும் உடன் பேசப்பட்டதை யாம் அறிந்திலேம்.

தந்தையார் அம்முதியவரிடம் மற்றொரு சிறு யானையை, அவர் கேட்ட இருநூறு ரூபாய்க்கே வாய் திறவாது வாங்கினார். அன்னையார் அதனை வீண் செலவென்றார். பேருந்தில் தங்கை, "அந்தக் கடையில் யார் பூனை, யார் எலி?" என்று கேட்டாள். எவரும் விடை கூறவில்லை.

முதல் யானையின் துதிக்கை வீடு சேருமுன்னரே முறிந்தது. கருங்கல்லாயின் முறிந்திராது என்று அன்னையார் இன்றும் குறை கூறுகின்றார். பட்டறையிற் கருங்கல் யானையின் விலையைக் கேட்டதும் முதலில் நடக்கத் தொடங்கியவர் அவரே.