பாடம் தொடங்கும் முன் ஒரு வரி

மாலை வகுப்பில் பாடம் எடுக்க முன்வரும் நம் இளைஞர்களும், வீட்டில் சொல்லிக்கொடுக்கும் தாய்மார்களும் பாடத்துக்கு முன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும்? ‘பின்னம் புரிய வேண்டும்’ என்றால் போதாது. புரிந்ததை எப்படிப் பார்ப்பது? ‘1/2, 1/4, 3/4 மூன்றையும் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துவாள், ஐந்து கணக்கில் நான்காவது சரியாக இருக்கும்’ என்று எழுதினால் பார்க்கலாம். ராபர்ட் மேகர் 1962-இல் வெளியிட்ட நூலில் ஆசிரியர்களிடம் கேட்டதும் இதைத்தான்.

‘இவன் பார்த்தால்தான் படிப்பான், அவன் கேட்டால்தான் படிப்பான்’ என்ற பேச்சு நம்மிடம் அதிகம். 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசி, அப்படிப் பிரித்துக் கற்பிக்கப் போதிய சான்று இல்லை என்றனர். பிள்ளைக்கு விருப்பம் இருக்கும்தான். அதற்காக ‘இவனுக்கு வாசிப்பு ஒத்துவராது’ என்று முத்திரை குத்திப் புத்தகத்தை எடுத்துவிட்டால், பத்தாம் வகுப்பில் வினாத்தாளை அவனுக்கு யார் வாசித்துக் காட்டுவது?

எந்த வழி என்பதைப் பாடம்தான் சொல்லும். பின்னத்துக்கு ரொட்டியைச் சமமாக நான்காக வெட்டிக் காட்டுவது எல்லாப் பிள்ளைக்கும் உதவும். பிறகு வரையட்டும், எழுதட்டும்.

பிரிப்பதானால் யாருக்கு எதுவரை தெரியும் என்று பார்த்துப் பிரியுங்கள். 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகள் கற்றல் நிலையைக் கொண்டே அமைந்தன. நான்கு இரண்டைவிடப் பெரிது, ஆகவே 1/4-தான் பெரிது என்று சொல்லும் பிள்ளைக்கு 3/4 இன்று வேண்டாம். இன்னொரு ரொட்டியை வெட்டலாம்.