இழைய வளர்ப்பு முறையில் வாழைக் கன்றுகள்



லயத்தின் பின்புறம் நிற்கும் வாழையைப் பாருங்கள். அதை யாரும் விதை போட்டு வளர்க்கவில்லை. அயல் வீட்டில் ஒரு குட்டி கேட்டு வாங்கி நட்டிருப்பார்கள். நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லாததால் வாழை பதியமுறையிலேயே பெருக்கப்படுகிறது.

ஆனால் குட்டியுடன் தாய் மரத்தின் நோயும் வந்து சேரும். முடிக்கொத்து நோய் இதற்குச் சிறந்த உதாரணமாகும். இலங்கையில் 1913 இல் பதிவான இந்நோய் ஒரு வைரசினால் ஏற்படுகிறது. அழுக்கணவன் பூச்சி இதனைப் பரப்பும். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். அத்தகைய மரம் நல்ல குலை தராது. எம்பிலிப்பிட்டிய போன்ற வாழைச் செய்கைப் பிரதேசங்களில் நோயற்ற நடுகைப் பொருள் அவசியமாவது இதனாலேயே ஆகும். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் இழைய வளர்ப்பு ஆய்வுகூடம் உள்ளது.

வரைவிலக்கணம்: தாவரத்தின் சிறு பகுதியொன்றைக் கிருமியற்ற நிலையில் போசணை ஊடகத்தில் வளர்த்து முழுத் தாவரங்களைப் பெறுதல் இழைய வளர்ப்பு எனப்படும்.

படிமுறைகள்

1. ஆரோக்கியமான, வைரசுப் பரிசோதனை செய்யப்பட்ட தாய் மரத்தின் குட்டியிலிருந்து அங்குர உச்சியை வெட்டியெடுத்தல்.
2. அதனைச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் தொற்றுநீக்கல்.
3. ஊடகத்தில் இடுதல். 1962 இல் முராசிகே, ஸ்கூக் ஆகியோர் வெளியிட்ட ஊடகமே பெரிதும் பயன்படுகிறது. இதில் கனியுப்புகள், விற்றமின்கள், சீனி, ஓமோன்கள், ஏகார் ஆகியன உண்டு. ஊடகம் முன்னரே அமுக்கத்தின் கீழ் 121 பாகை செல்சியசு நீராவியில் கிருமியழிக்கப்படும்.
4. பெருக்குதல். சைற்றோகைனின் கூடினால் அங்குரங்களும், ஓட்சின் கூடினால் வேர்களும் தோன்றும்.
5. இசைவாக்கல். போத்தலில் வளர்ந்த கன்றின் மெழுகுப்படை மெல்லியது, இலைவாய்கள் நன்கு மூடா. நேரே வெயிலில் நட்டால் வாடிவிடும். ஆகவே ஈரப்பதன் கூடிய நிழல் வலைக் கூடத்தில் சில வாரங்கள் பழக்க வேண்டும்.

கணித்துப் பார்ப்போம்

4 வாரங்களுக்கு ஒருமுறை ஓர் அங்குரம் 3 ஆகப் பெருகும் எனக் கொள்வோம். 6 முறை பெருக்கினால் 24 வாரங்களில் 729 அங்குரங்கள் கிடைக்கும். ஆயினும் மேலும் மேலும் பெருக்கும்போது இயல்பு மாறிய கன்றுகள் தோன்றலாம். எனவே பெருக்கும் தடவைகளுக்கு எல்லை வைப்பர்.

மாணவர் விடும் பிழை

"இழைய வளர்ப்புக் கன்றுக்கு நோய் வராது" எனப் பலர் எழுதுகின்றனர். இது தவறு. கன்று நோயற்றது; நோயெதிர்ப்புடையது அன்று. கோழிக்கூட்டு வாழை பனாமா வாடல் நோய்க்கு இலகுவில் இலக்காகும். ஆய்வுகூடத்தில் பெருக்கினாலும் அந்த இயல்பு மாறாது. கன்றுகள் யாவும் ஒரே பரம்பரை அலகுகளைக் கொண்டிருப்பதால் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம்.

இது பரீட்சைக்கு மட்டுமுரிய விடயம் அன்று. காசு கொடுத்து வாங்கிய கன்றை நோயுற்ற பழைய புதருக்கு அருகில் நட்டால், அழுக்கணவன் மூலம் அதற்கும் நோய் தொற்றும். நோயுற்ற புதரைக் கிழங்குடன் அழித்த பின்னரே புதிய கன்றை நட வேண்டும். வீட்டிலும் இதைச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. தாய் மரத்தை முதலில் வைரசுப் பரிசோதனை செய்வது ஏன்?
விடை: தொற்றுநீக்கி வெளிப்புறக் கிருமிகளையே அழிக்கும். இழையத்தினுள் உள்ள வைரசு எல்லாக் கன்றுகளுக்கும் கடத்தப்படலாம்.

2. இம்முறையின் நன்மை இரண்டு, தீமை இரண்டு தருக.
விடை: நன்மை - குறுகிய காலத்தில் பெருந்தொகைக் கன்றுகள், சீரான விளைச்சல். தீமை - செலவு அதிகம், ஒரே நோய்க்கு யாவும் இலக்காதல்.