இலவச கம்பைலரும் நூலகப் பதிவேடும்



நம் நூலகப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றப் போகிறேன் என்று போன வருடம் நான் சொன்னபோது பலர் சிரித்தீர்கள். ஏற்றினேன். அதில் ஒரு தப்பும் நடந்துவிட்டது. அந்தத் தப்பு நிரலில் எங்கே ஒளிந்திருந்தது என்று சொன்னால், ஒரு சி நிரல் எப்படித் தரவுத்தளத்தோடு பேசுகிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில் கருவிகள். காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை. கம்பைலர் ஜிசிசி. இதை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் முதன்முதலாக வெளியிட்டார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மூல நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். தரவுத்தளம் எஸ்க்யூலைட். இது 2000-ல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. (இரண்டு பேரும் ரிச்சர்ட்!) அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான மென்பொருளில் வேலை பார்த்தபோது, தரவுத்தள சர்வர் நின்றால் தன் நிரலும் நிற்பது அவருக்குத் தலைவலியாக இருந்தது. அதனால் சர்வரே தேவையில்லாமல், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்படி இதைச் செய்தார். உரிமையையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவுக்கு விட்டுவிட்டார். நம் வீட்டு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இது இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்றால் சர்வர், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அமைக்கணும். நம்ம ஆய்வகத்துக்கு இதுதான் சரி என்று தோன்றியது.

நான் இரண்டு நாள் திண்டாடிய இடம் ஒன்று உண்டு. நிரலின் தலையில் எஸ்க்யூலைட் ஹெட்டர் கோப்பைச் சேர்த்தாயிற்று. ஆனாலும் கம்பைல் செய்தால் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று திட்டுகிறது. ஹெட்டரில் செயற்கூறின் பெயரும் அது கேட்கும் விவரங்களும்தான் இருக்கும். வேலை செய்யும் பகுதி லைப்ரரியில் இருக்கிறது. அதை இணைக்க, ஜிசிசி கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடு, சின்ன 'எல்', அதை ஒட்டி இடைவெளியில்லாமல் 'எஸ்க்யூலைட்3' என்று எழுதணும். இதை நிரல் கோப்பின் பெயருக்கு முன்னால் போட்டால் பல லினக்ஸ் கணினிகளில் திரும்பவும் அதே திட்டுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய நோட்டில் இருந்த பதிவுகளை ஒரு பட்டியல் கோப்பாகத் தட்டச்சு செய்து அப்படியே தரவுத்தளத்தில் இறக்கினேன். ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தந்தால், அதன் பெயரை நிரலில் அடிக்க வேண்டும். நிரல் அந்தப் பெயரை 'அப்டேட்' கட்டளைக்கு நடுவில் ஒட்டி, 'எக்ஸெக்' என்ற செயற்கூறு வழியாக அனுப்பும். பிறகு 'புத்தகம் பெறப்பட்டது' என்று திரையில் காட்டும். பத்துப் புத்தகத்தில் சோதித்தேன், எல்லாம் சரி.

ஒரு மாதம் கழித்து, திருப்பித் தராதவர்கள் பட்டியலை நிரலே அச்சடித்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதில் ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் பெயர். "அண்ணா, நான் குடுத்துட்டேண்ணா" என்றான். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடா" என்று நான் சொன்னேன். அவன் 10 ரூபாய் அபராதம் கட்டினான். அதற்குப் பிறகு நூலகத்துக்கு வரவே இல்லை. இரண்டு வாரம் கழித்து நூலக டீச்சர் என்னைக் கூப்பிட்டு அலமாரியைக் காட்டினார். புத்தகம் அங்கேயே இருந்தது. 'கல்லிவர்ஸ் டிராவல்ஸ்', ஆங்கிலப் பதிப்பு.

அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கல்லிவருக்குப் பக்கத்தில் மேலே ஒரு ஒற்றைக் குறி வரும். எஸ்க்யூஎல் மொழியில் ஒரு சொல்லைத் தொடங்குவதும் முடிப்பதும் அதே குறிதான். ஆகவே 'கல்லிவர்' என்பதோடு பெயர் முடிந்தது என்று தரவுத்தளம் நினைத்துக்கொண்டது. மீதி என்ன என்று புரியாமல் பிழை என்று சொல்லி நிறுத்திவிட்டது. எக்ஸெக் வெற்றி என்றால் 0 திருப்பித் தரும். எனக்கு 1 தந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை! வேலை நடந்ததோ இல்லையோ, 'பெறப்பட்டது' என்று அச்சிட்டேன். பொய் சொன்னது கம்ப்யூட்டர் இல்லை.

இதற்குச் சரியான வழி வேறு. கட்டளையில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு 'ப்ரிப்பேர்' செய்யணும். இலக்கணம் பார்க்கும் வேலை அங்கேயே முடிந்துவிடும். பிறகு 'பைண்ட்' மூலம் பெயரைத் தருகிறோம். அதற்குள் எந்தக் குறி இருந்தாலும் அது வெறும் எழுத்துதான், கட்டளையாக ஆகாது. இணையதளங்களில் வேண்டுமென்றே அந்தக் குறியை அடித்துத் தரவுத்தளத்தைத் திருடுகிறவர்களையும் இதே முறைதான் தடுக்கிறது. அடுத்து 'ஸ்டெப்'. வரிசை ஒன்று கிடைத்தால் 100, வேலை முடிந்தால் 101 தரும். கடைசியில் 'ஃபைனலைஸ்', 'க்ளோஸ்'. ஒரு வேடிக்கை: பைண்ட் செய்யும்போது கேள்விக்குறிகளை 1 முதல் எண்ணணும். பதிலைப் படிக்கும்போது பத்திகளை 0 முதல் எண்ணணும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், நானும் மாற்றி எண்ணித்தான் கற்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். டீச்சர் ஒரு பெயரை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு அடித்தார். ஸ்டெப் 101 என்றது, 'பெறப்பட்டது' என்று திரையில் வந்தது, பதிவேட்டில் ஒன்றும் மாறவில்லை! அந்தப் பெயரில் புத்தகமே இல்லை என்றாலும் கட்டளை வெற்றிகரமாக முடிந்ததாகத்தான் கணக்கு. எத்தனை வரிசை மாறியது என்று 'சேஞ்சஸ்' செயற்கூறைக் கேட்கணும். இப்போது அது 1 என்றால்தான் அந்த வாக்கியத்தை அச்சிடுகிறேன். பெயரையும் விட்டுவிட்டு, புத்தகத்தில் முத்திரையிட்ட பதிவு எண்ணால் தேடுகிறேன்.

தமிழ்ப் பெயர்களைச் சேமிப்பவர்கள் கவனிக்க: யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு. 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள், 15 பைட்டு. 20 இடமுள்ள எழுத்து வரிசையில் 'கார்த்திகேயன்' அடங்காது, அதற்கு 39 பைட்டு, முடிவுக் குறியோடு 40.

போன வாரம் ஏழாம் வகுப்புக்குப் போய், எல்லார் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். டீச்சர் 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தம்பி உடனே, "இன்னும் யார் யார் புத்தகம் இப்படி இருக்குண்ணா?" என்று கேட்டான். பெயரில் அந்தக் குறி உள்ள புத்தகங்களை இரண்டு பேரும் அலமாரியில் தேடினோம். மேலும் 3 கிடைத்தன. திருத்திய நிரல் ஆய்வகத்தில் ஜன்னல் ஓரக் கணினியில் இருக்கிறது. வேண்டியவர்கள் பென் டிரைவோடு வாங்க.