உட்கார இடம் உள்ள வீதி

சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் சாயங்காலம் போய் நின்றால், ஒன்றுமே வாங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். குழந்தையை விளையாடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டி, கால் வலிக்குச் செருப்பைக் கழற்றி வைத்த அம்மா. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், பஜார் இருக்கும் தியாகராய சாலையின் நடைபாதைகளை அகலமாக்கி, 2019 நவம்பரில் திறந்தார்கள். வண்டிகள் இன்னும் நடுவே ஓடுகின்றன. ஆனாலும் வீதி மனிதர்களுக்குத் திரும்பியிருக்கிறது.

இப்படியொரு வீதியை அமைக்க முதல் வேலை எண்ணுவது. ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, காலையிலிருந்து இரவு வரை: எத்தனை பேர் நடக்கிறார்கள், எந்த மரத்தடியில் நிற்கிறார்கள், முதியவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் வருகிறார்களா? வராதவர்களைக் குறித்துக்கொள்வது இன்னும் முக்கியம்.

அடுத்தது ஒத்திகை. கோபன்ஹேகனின் ஸ்ட்ராய்எட் வீதியை 1962 நவம்பரில் வண்டிகளுக்குச் சோதனையாகத்தான் மூடினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். கூட்டம் பெருகியது, 1964-இல் ஏற்பாடு நிரந்தரமானது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-இல் சாதாரண மடக்கு நாற்காலிகளைப் போட்டே தொடங்கினார்கள். முழு நாளும் மூட முடியாத ஊருக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை நல்ல வழி காட்டுகிறது: மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிக்கு இடமில்லை.

பிறகுதான் வரைபடம். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி, நடக்கும் பட்டை எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். கடைவீதிக்கு அது போதாது. விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, மின்பெட்டி, பெஞ்சு எல்லாம் அந்தப் பட்டைக்கு வெளியே ஒரே வரிசையில் நிற்கட்டும். பளபளக்கும் கிரானைட் வேண்டாம். முதல் மழையிலேயே வழுக்கும். பெஞ்சு வெயிலில் கிடந்தால் யாரும் உட்காரமாட்டார்கள். புங்கையும் வேம்பும் நட்டு, வேரைச் சுற்றி சிமெண்ட் பூசாமல் விட வேண்டும்.

பலரும் தோற்பது பைக்கிடம்தான். சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டராவது இடைவெளி தேவை. அதே இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும். நாற்காலியை விட்டு ஸ்கூட்டரை மட்டும் மறிக்கும் தடுப்புக் கம்பம் கிடையாது. கம்பத்தை நெருக்கி நட்டால் அடிபடுவது நாற்காலிக்காரர்தான். அதனால் இடைவெளியை அப்படியே விட்டு, பக்கத்துத் தெருவில் பைக் நிறுத்த இடம் கொடுத்து, நெரிசல் நேரத்தில் ஆள் நிறுத்துவதே சரி. சரக்கு வண்டிக்கு விடியற்காலை நேரம். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் கழற்றக்கூடிய கம்பம்.

தெருவோர வியாபாரிகளை விரட்டிவிட்டு அழகுபடுத்துவது அநியாயம். பூக்காரம்மா இருந்தால்தான் இருட்டிய பிறகும் பெண்கள் தைரியமாக நடப்பார்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது; வரைபடம் முடியுமுன்பே அந்தக் குழுவை அழைத்து, கடைக்கான இடத்தைத் தரையில் குறித்துவிட வேண்டும். கழிப்பறையும் குடிநீரும் அதே வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

தமிழ்நாட்டு நகரங்களில் இப்போது பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் உங்கள் கடைவீதிக்கு வண்டியில்லாத ஒரே ஒரு ஞாயிறு மாலையைக் கேளுங்கள்.