ஆட்டமும் ஆடலும்

'ஆடு' என்னும் வினைச்சொல் விளையாடுதலையும் குறிக்கும், நடனமாடுதலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றாய்ப் பொருந்தும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. ஜப்பான் நாட்டின் கொனாமி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது.

இதனை ஆடுபவர் ஒரு மேடைமீது ஏறி நிற்பார். அதன் தளத்தில் முன், பின், இடம், வலம் எனத் திசை காட்டும் நான்கு அம்புக்குறிகள் இருக்கும். எதிரேயுள்ள திரையில், பாட்டின் தாளத்திற்கேற்ப அம்புகள் கீழிருந்து மேலேறி வரும். அவை உச்சியிலுள்ள குறியை அடையும் நொடியில், அதே திசைக்குரிய அம்புக்குறியை மிதித்தல் வேண்டும். தளத்தின் அடியிலுள்ள உணரிகள் அதனை அறிந்து கணிக்கும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் குறையும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பிள்ளைகளின் உடற்பருமன் பெருங்கவலையாக இருந்தது. ஆகவே, தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இவ்விளையாட்டைக் கொண்டுவரப் போவதாக அம்மாநிலம் 2006ஆம் ஆண்டில் அறிவித்தது. இருவர் அருகருகே நின்று, ஒரே பாட்டுக்கு, ஒருவர் எளிய நிலையிலும் மற்றவர் கடின நிலையிலும் ஆடலாம். எனவே, ஓட்டப்பந்தயத்தில் என்றும் பின்தங்கும் பிள்ளையும் இங்கே கூசாமல் கால் பதிக்கலாம்.

இவ்விளையாட்டில் போட்டிகள் இருவகைப்படும். ஒன்று துல்லியப் போட்டி. இதில் பொறியே நடுவர். தாளம் தவறாமை ஒன்றே கணக்கு. அழகு கணக்கில் வாராது. ஆதலால், சிலர் முதுகுப்புறமுள்ள கம்பியைப் பற்றிக்கொண்டு கால்களை மட்டும் விரைந்து இயக்குவர். மற்றொன்று தனிநடைப் போட்டி. இதில் மனிதரே நடுவர். ஆடுபவர் அம்புகளின் வரிசையை முன்னரே மனத்தில் பதித்துக்கொள்வார். திரைக்கு முதுகு காட்டிச் சுழல்வார். குனிந்து கையாலும் அம்புக்குறியைத் தொடுவார். பாட்டும் அம்புகளும் ஒன்றே. எனினும், ஒருவர் ஆடல்போல் மற்றவர் ஆடல் இராது.

பொறி, கால் பட்ட நேரத்தை அளக்கும். அந்தக் காலில் இருந்த துள்ளலை அதனால் அளக்க இயலாது. அதனைக் காண மனிதக் கண்கள் வேண்டும். மதிப்பெண் பெறுவது ஆட்டம். தன்னை வெளிப்படுத்துவது ஆடல். முதலாவதை நன்கு பயின்றவருக்கே இரண்டாவது கைகூடும்.

சொல்லும் பொருளும்
உணரி – தொடுதல், அழுத்தம் முதலியவற்றை அறியும் கருவி
கூசாமல் – வெட்கப்படாமல்
கைகூடும் – நிறைவேறும்

சிந்தித்து விடை எழுதுக
1. 'ஆடு' என்னும் வினையின் இரு பொருளும் தோன்ற இரு தொடர்கள் அமைக்க.
2. துல்லியப் போட்டியில் சிலர் கம்பியைப் பற்றுவது ஏன்?
3. மதிப்பெண்ணால் அளக்க இயலாத உங்கள் திறமை ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.