எவரெஸ்ட் அடிவாரம்: எந்த வழியாகப் போவது?

ஜாசின் வட்டாரக் கூட்டம் முடிந்து எல்லாரும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி வந்து கேட்டார்: "அண்ணே, எவரெஸ்ட் பேஸ் கேம்புக்கு எந்த வழி நல்ல வழி?" பக்கத்தில் நின்ற இன்னொருவர் முந்திக்கொண்டு, "யூடியூப்ல பார்த்தேண்ணே, எட்டு நாள்ல போயிட்டு வந்துடலாம்" என்றார். அந்த "எட்டு நாள்"தான் என்னை இந்தப் பாடத்தை எழுத வைத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த ஆசை நம்ம பிள்ளைகளுக்கு அதிகப்படியான ஆசை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் மலேசியர்கள் இருவர். ஒருவர் எம். மகேந்திரன், இன்னொருவர் என். மோகனதாஸ். இருவரும் தமிழர்கள். நாம் போக நினைப்பது உச்சிக்கு அல்ல, அவர்கள் கூடாரம் அடித்த அடிவாரத்துக்குத்தான். நடப்பதும் நமக்குப் புதிதல்ல. 1967இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் உரிமைக்காகக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். அந்த வழியில் வந்த பேரப்பிள்ளைகள் நம் கிளையில் இன்றும் இருக்கிறார்கள்.

அடிவாரம் என்ற சொல்லைக் கேட்டு ஏமாறவும் கூடாது. நேப்பாளப் பக்கத்து அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம குனோங் லேடாங் 1,276 மீட்டர். நாலு லேடாங்கை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் முகாமைத் தொட இன்னும் 260 மீட்டர் வேணும். கினபாலு உச்சியே 4,095 மீட்டர்தான்.

அங்கே காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. இங்கே இருக்கும் அதே 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன், மலாக்காவில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் எடுக்கும். வழியைத் தேர்ந்தெடுப்பது என்றால் உண்மையில் அந்த நாள்களைத் தேர்ந்தெடுப்பதுதான். இது புரிந்தால் பாடத்தில் பாதி முடிந்தது.

இப்போது வழிகள்.

பெரும்பாலோர் போவது லுக்லா வழி. காட்மாண்டுவிலிருந்து சிறிய விமானத்தில் அரை மணி நேரம் பறந்தால் 2,860 மீட்டரில் லுக்லா. ஓடுபாதை 527 மீட்டர்தான் நீளம், அதுவும் மேட்டை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. மேகம் மூடினால் விமானம் கிடையாது. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் நின்றுபோவதும் உண்டு. கூட்டம் மிகுந்த மாதங்களில் பல விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து புறப்படாமல் ராமேசாப் மாவட்டத்து மந்தலி என்ற இடத்திலிருந்து புறப்படும். அதற்கு நள்ளிரவுக்குப் பிறகு எழுந்து நாலைந்து மணி நேரம் வேனில் போகணும். டிக்கெட் வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லுக்லாவிலிருந்து பாக்டிங், நாம்ச்சே பசார், தெங்போச்சே, திங்போச்சே, லொபுச்சே, கோரக்‌ஷேப், பிறகு முகாம். போய்வர ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வழி நெடுகத் தங்கும் விடுதிகள் இருப்பதால் கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. இந்த வழியை ஒழுங்காக நடந்தால் லுக்லாவில் இறங்கியதிலிருந்து திரும்ப விமானம் ஏறும் வரை 12 நாள். விமானம் நின்றுபோனால் என்று இரண்டு நாள், காட்மாண்டுவில் இரண்டு நாள் சேர்த்தால் 16.

"அண்ணே, அவ்வளவு நாள் லீவு யார் குடுப்பா?" நியாயமான கேள்விதான். ஆயர் குரோ தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஆண்டு விடுமுறை முழுவதையும் கொட்டினாலும் போதாது. அங்கேதான் எட்டு நாள், ஒன்பது நாள் திட்டங்கள் வந்து நம்மை மயக்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு திட்டத்தில்தான் போனேன். எந்த ஏஜெண்டு என்பது இங்கே வேண்டாம். விலை குறைவு, நாள் குறைவு, எங்களுக்கும் அது வசதியாகத் தெரிந்தது. நாம்ச்சேயில் ஓய்வு நாள் இல்லை, திங்போச்சேயிலும் இல்லை. முதல் இரவு பாக்டிங்கில் 2,610 மீட்டரில் தூங்கினோம், ஐந்தாம் இரவு லொபுச்சேயில் 4,940 மீட்டரில். என்னோடு வந்த நண்பர் தோட்டத்துப் பிள்ளை, எங்கள் ஐவரில் நல்ல பலசாலி, காற்பந்து ஆட்டக்காரர். அவருக்கு மூன்றாம் நாளே தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை. பனடோல் போட்டுக்கொண்டு நடந்தார். லொபுச்சேயில் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. இரவு பத்து மணிக்குக் கழிவறைக்குப் போனவர் குடிகாரனைப் போல் தள்ளாடி வந்து சுவரில் சாய்ந்தார். எங்கள் வழிகாட்டி அவரைத் தரையில் ஒரு நேர்க்கோட்டில், குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே விழுந்தார். அதற்கு மேல் பேச்சே இல்லை. டார்ச் விளக்கோடு இரண்டு பேர் தாங்கிக்கொண்டு பெரிச்சே வரை இறங்கினோம். அங்கே 1973 முதல் இமாலய மீட்புச் சங்கம் நடத்தும் மருந்தகம் இருக்கிறது. பிழைத்துக்கொண்டார். இறங்க இறங்கவே தெளிந்தார் என்றுதான் சொல்லணும்.

ஏன் மறைத்தார் என்று பிறகு கேட்டேன். "கோயில்ல மாலை போட்டு அனுப்புனாங்கடா. ஆளுக்கு அம்பது வெள்ளி, நூறு வெள்ளின்னு குடுத்தாங்க. பாதியில திரும்பி வந்தா எந்த முகத்தோட லயத்துக்குள்ள நடக்குறது?" என்றார். ஆகவே, பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோர்களே, கிளைத் தலைவர்களே, மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "போக முடியலன்னா திரும்பி வா, ஒண்ணும் இல்ல" என்று அந்த மாலையோடு சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

கணக்கு இதுதான். 3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்கணும். அந்த ஓய்வு நாளில் படுத்துக் கிடக்காமல் பகலில் கொஞ்சம் மேலே ஏறி, இரவு தூங்கக் கீழே வருவது நல்லது. லுக்லா வழியில் திங்போச்சேக்கும் லொபுச்சேக்கும் போகும் நாள்கள் இரண்டும் 500ஐச் சற்றுத் தாண்டும், அதனால்தான் நாம்ச்சேயிலும் திங்போச்சேயிலும் ஓய்வு நாள் வைக்கிறார்கள். அந்த இரண்டு நாளை வெட்டுகிற எந்தத் திட்டத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள். பலசாலிக்கு வராது, சிகரெட் பிடிப்பவனுக்குத்தான் வரும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. உடல் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வலுவுள்ளவன் வேகமாக ஏறுவான், அதனாலேயே முதலில் மாட்டிக்கொள்வான். டயமொக்ஸ் என்று பரவலாகச் சொல்லப்படும் அசெட்டசோலமைட் மாத்திரை உடம்பு பழக உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நோய் வந்தவருக்கு மாத்திரை முதல் மருந்து அல்ல, இறங்குவதுதான்.

இரண்டாவது, ஜிரி வழி. லுக்லா விமானத்தளம் 1964இல் வந்தது. அதற்கு முன் எல்லாரும் நடந்தார்கள். 1953இல் டென்சிங்கும் ஹில்லாரியும் சேர்ந்த குழு காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்தே இரண்டு வாரத்துக்கு மேல் நடந்துதான் தெங்போச்சே சேர்ந்தது. இப்போது ஜிரி வரை பேருந்து போகிறது, அங்கிருந்து லுக்லாப் பக்கம் சேர ஆறேழு நாள். இந்த வழியில் ஆறுகள் வடக்கிலிருந்து தெற்கே ஓட, நாம் மேற்கிலிருந்து கிழக்கே போகிறோம். அதனால் ஒவ்வொரு மேட்டையும் ஏறி, மறுபக்கம் ஆறு வரை இறங்கி, மறுபடி ஏறணும். 3,530 மீட்டர் லம்ஜுரா கணவாயைத் தாண்டிவிட்டு, பிறகு 1,500 மீட்டர் வரை கீழே போவோம். கால் கெஞ்சும். ஆனால் நாம்ச்சே சேரும்போது உடம்பு பழகியிருக்கும், விமானப் பயமும் இல்லை, செலவும் குறைவு. என் மனசுக்கு இதுதான் உயர்ந்த வழி. மூன்று வாரம் விடுமுறை உள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். நாள் குறைந்தவர்கள் காட்மாண்டுவிலிருந்து சல்லேரி வரை ஜீப்பில் போய் அங்கிருந்து நடக்கலாம். ஒரு முழுநாள் குலுங்கும் பயணம். சல்லேரிக்கு அப்பாலும் மண் பாதை ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. மழை பெய்தால் அந்தச் சேற்றில் ஜீப் நகராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, கோக்யோ வழி. நாம்ச்சேக்கு மேல் இடப்பக்கம் பிரிந்து 4,700 மீட்டருக்கு மேலே உள்ள கோக்யோ ஏரிகளுக்குப் போய், 5,420 மீட்டர் சோ லா கணவாயைக் கடந்து முகாம் பாதையில் சேர்வது. அந்த ஏரிகள் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் புனிதமானவை. ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே நீராட வருகிறார்கள். அழகு என்றால் இந்த வழிதான். ஆனால் சோ லாவில் பனிக்கட்டி மேல் நடக்கணும், காலணியில் மாட்டும் முள்பட்டை வேணும், மொத்தம் 16 முதல் 18 நாள் நடை. முதல் முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

நாலாவது, திபெத் பக்கம். 1920களில் மல்லோரி காலத்து ஆங்கிலேயர்கள் போனதெல்லாம் இந்த வடக்கு வழிதான், அப்போது நேப்பாளம் கதவைத் திறக்கவில்லை. இன்று தார்ச்சாலையிலேயே வண்டி ரோங்புக் மடம் வரை போகிறது. மலையின் வடக்கு முகம் முழுவதும் கண்ணெதிரே நிற்கும், நடக்கவே தேவையில்லை. மூட்டுவலி உள்ள அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேணும். வண்டி நம்மைச் சில மணி நேரத்தில் 5,000 மீட்டரில் கொண்டுபோய் வைத்துவிடும். லாசாவில் 3,650 மீட்டரில் மூன்று நாளாவது தங்காமல் போகவே கூடாது. சீன அனுமதிச் சீட்டு இல்லாமலும் தனியாகவும் போக முடியாது. கைலாயத்தையும் இதே பயணத்தில் பார்த்துவிடலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கைலாயம் திபெத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அதன் பரிக்கிரமாவில் 5,600 மீட்டரைத் தாண்டும் கணவாய் உண்டு. அதைத் தனிப் பயணமாகவே வையுங்கள்.

ஹெலிகாப்டரில் போய்ப் படம் எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வருவதும் உண்டு. காசு இருக்கிறவர் போகட்டும்.

இன்னொரு செய்தி, பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும்: நேப்பாள அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. பக்கத்து மலைகள் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்கணும் என்றால் கோரக்‌ஷேப்பிலிருந்து விடியற்காலையில் 5,500 மீட்டருக்கு மேலுள்ள காலா பத்தர் மேட்டில் ஏறணும். முகாமில் மஞ்சள் கூடாரங்கள் நிறைந்திருப்பதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் முகாம் வெறும் கல்லும் கொடியுமாகக் கிடக்கும். எது வேணும் என்று குழு முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழைக்காலம், அட்டையும் மேகமும்தான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாம்ச்சேக்கு மேலே இறைச்சி கீழிருந்து முதுகுச் சுமையில், குளிர்பெட்டி இல்லாமல் வருகிறது. விரதம் இல்லாதவர்களும் அங்கே சைவமாக இருப்பதே வயிற்றுக்குப் பாதுகாப்பு. பருப்புச் சோறு கேட்டால் இரண்டாம் முறையும் போடுவார்கள். காப்புறுதி எடுக்கும்போது 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு அடங்கியிருக்கிறதா என்று சிறிய எழுத்தையும் வாசியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல 3,000, 4,000 மீட்டரோடு நின்றுவிடுகின்றன.

நம் குழுவுக்கு என்ன முடிவு? தொழிற்சாலைப் பிள்ளைகள் நால்வரும் மாணவர்கள் இருவரும் இருக்கிறார்கள். லுக்லா வழி, 16 நாள், அக்டோபரில். இரண்டு ஆண்டு விடுமுறையைச் சேர்த்து எடுக்க முடியுமா என்று நால்வரும் இப்போதே மேலாளரிடம் கேட்டு வைக்கணும். கிடைக்கவில்லை என்றால் வழியைச் சுருக்காமல் இடத்தைச் சுருக்குவோம்: தெங்போச்சே வரை போய்த் திரும்பினால் பத்து நாள் போதும், அங்கிருந்தே எவரெஸ்ட் தெரியும். முகாமைத் தொடவில்லை என்று யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை.

பயிற்சி லேடாங்கில். 1854இல் இயற்கையாளர் வாலஸ் மலாக்காவிலிருந்து போய் ஏறிய அதே மலைதான். முதலில் நம் பக்கத்து அசஹான் வழியில் ஏறுவோம். கால் பழகியபின் ஜொகூர் பக்கத்துச் சாகில் வழி. அங்கேதான் 'கே.எஃப்.சி.' என்று செல்லப்பெயர் பெற்ற செங்குத்துப் பாறையும் ஏணிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் முன் அனுமதியும் வழிகாட்டியும் வேணும், பெயர்களை இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். நேப்பாளத்துக்குப் போடப்போகிற அதே சப்பாத்தைப் போட்டு வாருங்கள், புதுச் சப்பாத்து லுக்லாவில் கொப்புளம் போடும். லொபுச்சேயிலிருந்து தூக்கி வந்தோமே, அந்த நண்பரும் வருகிறார். கடைசி ஆளாக நடந்து, யாருக்குத் தலைவலி என்று கேட்டுக்கொண்டே வருவது அவர் வேலை.