எட்டாம் வகுப்போடு நிற்கும் நம் பெண்பிள்ளைகள்



கிராமத்தில் ஒரு பெண்பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தினாள் என்று கேட்டால், "நிக்காஹ் பேசியாச்சு" என்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. படிப்பு முன்பே நின்றிருக்கும். குமர் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்றுதான் வரன் பேச்சே தொடங்கும்.

அது எங்கே நிற்கிறது? பல ஊர்களில் இருப்பது நடுநிலைப் பள்ளி. 8-ஆம் வகுப்போடு முடிந்துவிடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 14 வயது வரைதான். ஊர்ப் பள்ளியும் சட்டமும் ஒரே இடத்தில் கையை விடுகின்றன. பிள்ளை வயதுக்கு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். சிறப்பு வகுப்பு முடிந்து வந்தால் மாலை பஸ் போயிருக்கும். அத்தா வெளிநாட்டில் இருப்பார். தனியாக முடிவெடுக்க உம்மாவுக்குத் தயக்கம். வீட்டுப் பெரியவர்கள் "படித்தது போதும்" என்பார்கள். படிப்பின் மேல் வெறுப்பு யாருக்கும் இல்லை, பயம்தான். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே தெருவில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து போனால் அது பாதி குறையும். அவர்களில் ஒருத்தி நின்றால் மற்ற மூன்று வீட்டிலும் பேச்சு மாறிவிடும். ஆகவே இது ஒரு வீட்டின் முடிவு மட்டுமில்லை.

கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளி என்றால், மாதவிடாய் நாட்களில் பிள்ளை லீவு போடுவாள். நடந்த கணக்குப் பாடம் போய்விடும். கடைசியில் 10-ஆம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறுவாள். ஆண்பிள்ளை தவறினால் டியூஷன் வைக்கிறோம். பெண்பிள்ளை தவறினால் அடுப்படிக்கு அனுப்புகிறோம்! தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். அதே ஆண்டு துணைத் தேர்வு உண்டு. தேறினால் 11-ஆம் வகுப்பிலும் அந்த ஆண்டே சேரலாம். இது பல வீடுகளுக்குத் தெரியாது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

"பெண்ணுக்கு ஓதல் போதாதா?" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் 2,000-க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர்கள். ஸஹாபாக்கள் அவர்களிடம் வந்து சட்டம் கேட்டார்கள். நம் காலத்தில், 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் தமிழக ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி கேரளத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்த முஸ்லிம் பெண்மணி.

8-ஆம் வகுப்பு முடித்த பிள்ளையின் டி.சி. இன்னும் பீரோவில் இருந்தால், ஜூன் மாதத்துக்குள் எடுத்துக்கொண்டு வாருங்கள். போகவர ஆட்டோ வேண்டும் என்பவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஒரு தெருவுக்கு நான்கு பெயர் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், வாடகையில் பாதியை அறக்கட்டளை ஏற்கும்.